தங்கச்சி வீட்டுக்கு மேலே ஒரு கோடு

ஜூன் 9
மலை பார்க்க வருகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. எப்போதும் ஆட்டோ ஃபோகஸ்தான். முகத்தைக் கண்டால் அதுவே பிடித்துக்கொள்ளும், நம் மூளைக்கு ஓய்வு. இன்று ஆளில்லை. சும்மா எதிர்ச்சரிவை எடுத்தேன். தங்கச்சி வீட்டுக்கு மேலே, ஒற்றை மரத்தடியில், கறுப்பாக ஒரு கோடு. நிழலா? வெயிலே இல்லையே.

ஜூன் 11
மறுபடி எடுத்தேன். முன்னாலிருக்கும் வேலிக்கம்பி பளிச்சென்று விழுந்திருக்கிறது, மலை கலங்கல். வாசலில் குரைக்கிற நாயையே பார்த்துக்கொண்டு, கொல்லையில் புகுந்த பாம்பைக் கோட்டை விடுகிறவன் மாதிரி இந்த ஆட்டோ ஃபோகஸ். தங்கச்சி வீட்டுக்காரரிடம் காட்டினேன். தச்சர், அந்த வீட்டுக் கதவு, சன்னல் எல்லாம் அவர் கை.
"மச்சான், மொதல்ல உங்க கேமராவுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க. எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகல."
நானும் சிரித்தேன். படத்தை மட்டும் அழிக்கவில்லை.

ஜூன் 12
மழை. மூட்டம். ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 14
விடாமல் துரத்தும் ஃபோகஸை வைத்தேன். மழைத்துளிக்குப் பின்னால் ஓடியது. ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகளை எடுக்கத்தான் அது லாயக்கு. கடைசியில் மேனுவலுக்குத் தள்ளி, திரையில் அந்த மரத்தைப் பெரிதாக்கி, லென்ஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகக் கையால் திருப்பினேன். மரப்பட்டை தெரிந்தது. கோடும் தெரிந்தது —
கோடு இல்ல அது. மண்ணு பொளந்த வாய். உள்ள வேர் அறுந்து தொங்குது. ஐயோ, இதத் தெளிவா எடுக்காமலே இருந்திருக்கலாமே.
கை பட்டு நகராமல் வளையத்தில் டேப் ஒட்டிவிட்டேன்.

ஜூன் 15
அதே வேலித்தூண் மேல் கேமரா, அதே ஃபோகஸ். மரம் சாய்ந்திருக்கிறது. ஓடிப்போய் இரண்டு படத்தையும் நீட்டினேன். மாப்பிள்ளை பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார்.
தங்கச்சிதான் கேட்டாள்: "இந்தக் கதவக் கழட்ட எவ்வளவு நேரமாகும்?"
"கதவு கெடக்கட்டும்டி. நீ துணிய எடு."

ஜூன் 16
எல்லோரும் என் வீட்டில். கால் நீட்ட இடமில்லை. மாப்பிள்ளை தூக்கத்திலும் மரம் அறுக்கிறார், அப்படி ஒரு குறட்டை. மலை அப்படியே நிற்கிறது. வீணாகக் கிளப்பிவிட்டேனோ? நின்னா நல்லதுதான். ஆனா நின்னா என்னைய ஆயுசுக்கும் விடமாட்டாரு.

ஜூன் 18
விடிந்ததும் வேலியோரம் போனோம். டேப் ஒட்டிய ஃபோகஸில் பார்க்க அந்த மரமே இல்லை. டேப்பைப் பிய்த்து, ஆட்டோ ஃபோகஸுக்கு மாற்றினேன். லென்ஸ் உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே. வீடு இருந்த இடம் வழித்துவிட்ட சேறு, மேலே மூட்டம். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் அது தேடிக்கொண்டே இருந்தது.
"விடுண்ணே," என்று தங்கச்சி குறுக்கே வந்து நின்றாள்.
சட்டென்று பிடித்துக்கொண்டது.