தண்ணீர் சூடு என்றுதான் சொன்னேன்

பலெர்மோ,
14.05.2024

என் அன்பு மகள் மொனிகாவுக்கு,

இந்தக் கடிதம் வரும் நேரம் நீ தனியாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்று மாதாவை மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம்.

ஜப்பானிலிருந்து திரும்பி வரும்போது விமானத்தில் செபப்புத்தகத்தைத் திறந்தேன். நடுவில் ஒரு துண்டுக் கடுதாசி இருந்தது. உன் கையெழுத்தில் அகஸ்ரீனா என்ற பெயரும் ஒரு விலாசமும் மட்டும். உங்கள் கோவிலில் என் கையைப் பிடித்துக் கதைத்த பிலிப்பைன்ஸ்காரி அவதான் என்பது நினைவுக்கு வந்தது. உன் ரெலிபோனை றொஜர் ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்ப்பதை உங்கள் வீட்டில் நின்ற பத்து நாளும் கண்டேன். அதனால் அவவின் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். வாசித்து முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டு போகாதே. அவவிடமே கொடுத்துவிடு.

சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கி மூன்று கடுதாசியைக் கிழித்துவிட்டேன். முதலில் இங்கத்தைய புதினம். என் வேலை வீட்டுச் சிஞ்ஞோரா முழங்கால் வலியோடு இன்னும் நடமாடுகிறா. காலையில் அவவைக் குளிக்கவார்த்து, பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கிக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன். அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோவில் அதே மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். வெயில் தொடங்கியதால் சனம் கூட.

நாங்கள் இங்கே திரும்பி வந்த இரண்டாம் நாளே சுவாம்பிள்ளை அண்ணை வந்தார். றொஜர் அவருடைய தங்கையின் மகன்; இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். கோட்டையில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "என்ரை மருமகன் உங்கடை பிள்ளையை ராணி மாதிரி வைச்சிருக்கிறான், என்ன?" என்றார். நான் ஓம் என்று சொல்லித் தேத்தண்ணீர் போட எழும்பினேன். அன்று குசினிக்குள் நின்று என்னை நானே அருவருத்தேன்.

இனி அந்த நாளைப் பற்றி.

நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் றொஜர் லீவு எடுத்து எங்களை மத்சுயாமாவுக்குக் கூட்டிப்போனார். மலைக்கு மேல் கோட்டை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் படிகள் ஏணியைப்போல நிமிர்ந்து நின்றன. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. றொஜர் பின்னால் நின்று அவரது முதுகைத் தாங்கி ஏற்றினார். "மாமா, அவசரமில்லை, நான் நிக்கிறன்" என்று தட்டுக்குத் தட்டு சொன்னார். எதிரிகளை அம்பால் அடிப்பதற்கு மரச்சுவரில் விட்டிருந்த ஓட்டைகளை நீ எனக்குக் காட்டினாய். அந்தப் படியில் நின்று, இப்படி ஒரு மருமகனைத் தந்தாயே என்று அந்தோனியாருக்கு நான் நன்றி சொன்னேன். அதை உனக்கு மறைத்தால் இந்தக் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும்.

பின்னேரம் தோகோவில் அந்தப் பழைய வெந்நீர்க் குளியல் மாளிகைக்குப் போனோம். வெளியே காலை மட்டும் நனைக்க ஒரு தொட்டி இருந்தது. இதுவே காணும், உள்ளே போகத் தேவையில்லை என்று றொஜர் சொன்னார். அந்நியர் நடுவில் உடுப்பைக் கழற்ற எனக்கும் கூச்சம். நானும் வேண்டாம் என்றேன். நீ விடவில்லை. "அம்மா, இண்டைக்கு ஒருக்கா என்னோடை வாங்கோ" என்றாய். "மாமிக்கு வெக்கமா இருக்கு, விடு" என்று அவர் இரண்டு தரம் சொன்னார். அவர் சொல்லைத் தாண்டி நீ ஒன்றைச் செய்து நான் கண்டது அன்றுதான். என் கையை இறுக்கிப் பிடித்தபடி பெண்கள் பக்கத்துத் திரைச்சீலைக்குள் இழுத்துக்கொண்டு போனாய்.

உள்ளே எல்லாரும் சிறு முக்காலிகளில் இருந்து உடம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீ துவாயைக் கீழே வைத்தாய். வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாய். இருக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. நான் பார்த்து முடிக்கும்வரை நின்றாய் என்று இப்போது விளங்குகிறது. தோளுக்குக் கீழே, விலாவில், தொடையின் பின்பக்கத்தில். கன்றிய காயங்களில் சில மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தன. சில புதியவை. உடுப்பு மூடும் இடம் தவிர வேறெங்கும் ஒன்றும் இல்லை.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திராது. "தண்ணி நல்ல சூடு போலை கிடக்கு, கவனம் பிள்ளை" என்றேன்.

அதற்குப் பிறகு சவர்க்காரம் எடுத்து உன் முதுகைத் தேய்த்துவிட்டேன். நோகும் இடங்களை விட்டுவிட்டுத் தேய்த்தேன். நீ அழவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வயதான ஜப்பான்காரி உன் முதுகைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நீ இவளுக்குத் தாயில்லையோ?" என்று என்னைக் கேட்பதுபோல் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன்.

வெளியே வந்தபோது றொஜர் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். கையில் எங்களுக்கென்று வாங்கிய தோடம்பழச் சாறு. "எப்பிடி மாமி, நல்லா இருந்ததோ?" என்று கேட்டார். "நல்லா இருந்தது தம்பி" என்றேன். மறுநாள் அவரே எங்களை விமான நிலையத்தில் விட்டார்.

இனி அவனை அவர் என்று எழுத என் கை வரவில்லை.

போன வருடம் ஐப்பசியில் ஒருநாள் நீ அழுதுகொண்டு ரெலிபோன் எடுத்தாய். அவன் அடிப்பதாக நீ சொல்லவில்லை, பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாய். ஆம்பிளையள் வேலைக்களையில் கத்துவார்கள், பொறுத்துப் போ என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு, அடுப்பில் கறி கிடக்கிறது என்று ரெலிபோனை வைத்தேன். அதற்குப் பிறகு நீ எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. மார்கழியில் நீ குளியலறையில் வழுக்கி விழுந்ததாகவும், மூன்று மாதப் பிள்ளை தங்கவில்லை என்றும் அவன்தான் எங்களுக்கு அறிவித்தான். வழுக்காத றப்பர் விரிப்பு ஒன்று வாங்கிப் போடு என்று நான் உனக்குப் புத்தி சொன்னேன். அந்த விரிப்பை உன் குளியலறையில் கண்டேன், மகள். நீ வாங்கித்தான் போட்டிருந்தாய்.

மூன்று கிழமை இதை அப்பாவுக்குச் சொல்லவில்லை. அவருடைய இருதயத்துக்குப் பயந்து மறைத்தேன். போன செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, தானும் கண்டதாகச் சொன்னார். கோட்டையின் மேல்தட்டில் எல்லாரையும் சேர்த்துப் படம் எடுக்க அவன் கையை உயர்த்தியபோது நீ சட்டென்று முகத்தைப் பொத்தினாயாம். பூச்சி பறந்தது என்று அவன் சிரித்தானாம். "நான் அதை நம்ப விரும்பினனான்" என்றார் அப்பா. உடனே அவனுக்கு எடுத்துக் கதைக்கப் போனார். நான் ரெலிபோனைப் பறித்து வைத்தேன்.

அடுத்த நாள் சிஞ்ஞோராவின் மகளிடம் சொன்னேன். அவ வழக்கறிஞர். அடிபட்ட பெண்களுக்கு உதவும் ஒரு நிலையத்துக்கு அவவே என்னைக் கூட்டிப்போனா. அங்கே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ வெளியே வருமுன் அவனுக்கு ஒரு சந்தேகமும் வரக்கூடாது. பெட்டி அடுக்காதே. பாஸ்போட் அவனுடைய பூட்டிய லாச்சிக்குள் இருக்கிறது என்று காத்திருக்காதே. நீ இத்தாலிப் பிரசை, ஒசாகாவில் இத்தாலித் தூதரகத்தின் கொன்சுலாத்து இருக்கிறது, பாஸ்போட் இல்லாமலும் வழி இருக்கும். ஜப்பானிலும் இப்படிப்பட்ட பெண்களை யாருக்கும் தெரியாத இடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அகஸ்ரீனாவிடம் சொன்னால் அவ கூட்டிப்போவா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பக்கத்தில் இருக்கும்போதுதான் நீ எங்களுக்கு எடுக்கிறாய். இதை வாசித்து, போக நினைத்தால், "சிஞ்ஞோராவின்ரை முழங்கால் எப்பிடி?" என்று கேள். நான் அதற்கு ஏதாவது சொல்வேன். அது போதும்.

பொறுத்துப் போ என்று நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அதை உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இருந்ததே இல்லை. உன்னைப் பெற்றவள் கேட்கிறேன், வெளியே வந்துவிடு.

உன் அம்மா
றோசமலர்


பலெர்மோ,
23.06.2024

என் பிள்ளைக்கு,

நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியாது. அகஸ்ரீனா இதை யாரிடமோ கொடுக்க, அவர்கள் உன்னிடம் கொடுப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

மே கடைசி ஞாயிறு நீ முழங்காலைப் பற்றிக் கேட்டாய். வெயில் வந்ததும் வலி குறைந்துவிட்டது என்று நான் சொன்னேன். அப்பா எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார், அவர் அழுவது ரெலிபோனில் கேட்கக்கூடாது என்று.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் எடுத்தான். முதலில் மரியாதையாக, "மாமி, மொனிகா உங்களோடை ஏதும் கதைச்சவளோ?" என்று கேட்டான். இல்லை என்றதும் தூசணத்தில் ஏசத் தொடங்கினான். அப்பா வாங்கி, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வைத்தார். அது பொய்யும் இல்லை. நீ கதவைத் தாண்டினாயா, அவன் கையில் அகப்பட்டுவிட்டு எங்களைச் சோதிக்கிறானா என்று தெரியாமல் ஆறு நாள் இருந்தோம். அந்த ஆறு நாளும் நானே உன்னைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் அகஸ்ரீனாவின் செய்தி வந்தது. சிஞ்ஞோராவின் மகள் வாசித்துச் சொன்னா. நீ பத்திரம், உன்னிடம் ரெலிபோன் இல்லை, எங்கே என்று கேட்கவேண்டாம், ஒரு விலா எலும்பு வெடித்திருக்கிறது, மருந்து செய்கிறார்கள் என்று இருந்தது. அந்த விலாவைச் சுற்றித்தான் நான் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன்.

சுவாம்பிள்ளை அண்ணை வீட்டு வாசலில் நின்று, நீ யாருடனோ ஓடிவிட்டாய் என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தினார். இப்போது கோவிலிலும் எங்கள் வாங்கில் பக்கத்தில் வந்து இருப்பவர் குறைவு. போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் எல்லாருக்கும் முன்னால், "பீலிக்ஸ், உன்ரை மகள் எங்கை?" என்று கேட்டார். அப்பா அவருக்குக் கிட்டப் போனார். நான் பயந்துவிட்டேன். "என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறாள், அண்ணை. எனக்கு அது காணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முப்பத்தொரு வருடத்தில் தெருவில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அவன் பலெர்மோவுக்கு வந்து எங்கள் வீட்டு வாசலில் நிற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான். வருவானோ தெரியாது. ஆனால் நீ இப்போது இங்கே வரவேண்டாம். வழக்கறிஞர் அலுவல்கள் முடியட்டும். உன் அறையைக் கழுவி, கட்டிலையும் விரித்து வைத்திருந்தேன். அதற்காக ஓடி வந்துவிடாதே. எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும்போல் இருப்பதற்காகவும் வந்துவிடாதே.

எங்களுக்கு எடுக்காதே. யாருடைய ரெலிபோனிலும் எடுக்காதே. அப்பாவுக்குச் சுகமில்லை என்று யாராவது உனக்குச் சொன்னாலும் நம்பாதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே, மகள். உன்னிடமிருந்து ஒன்றும் வராத ஒவ்வொரு நாளும் நீ பத்திரமாக இருக்கிறாய் என்று நானும் அப்பாவும் எடுத்துக்கொள்வோம். எத்தனை மாதமானாலும் அப்படியே எடுத்துக்கொள்வோம்.

நித்திரைக்குப் போகமுன் உன் நெற்றியில் போடும் சிலுவையை இந்தக் கடுதாசியின் மேல் போட்டு மடிக்கிறேன். ஆண்டவர் உன்னைத் தன் கைக்குள் மூடி வைத்திருக்கட்டும்.

உன் அம்மாவும் அப்பாவும்