தண்ணீர் நின்ற உயரம்

நவம்பர் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். போனில் பிடித்தால் "அக்கா, சைட்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். எட்டு நாளாக அந்த அப்புறம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் நீயும் மறுக்க முடியாது, நானும் பாதியில் அழ முடியாது.

தண்ணீர் வடிந்துவிட்டது. முன்னறையில் அரையடி, மூன்று நாள் நின்றது. தையல் மிஷின் மோட்டார் போச்சு. தைக்கக் கொடுத்த துணி இரண்டு மூட்டை சேறாகிவிட்டது. கொடுத்தவர்கள் ஒவ்வொருத்தராக வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். திட்டினால்கூடத் தேவலை. மகள் தன் புத்தகங்களை ஃபேனுக்கு அடியில் தாள் தாளாகப் பிரித்துக் காயவைக்கிறாள்.

இதெல்லாம் போகட்டும் என்றுதான் தைரியமாக இருந்தேன். வெள்ளக் காப்பீடு இருக்கிறதே! வீட்டுக் காப்பீடு இருந்தால் எல்லாமே அதில் அடங்கும் என்று இந்தத் தெருவே நினைத்துக்கொண்டிருந்தபோது, வெள்ளத்துக்குத் தனியாகக் கேட்டு எடுத்தவள் நான் ஒருத்திதான்.

நேற்று காப்பீட்டு அலுவலகத்திலிருந்து சேதம் பார்க்க ஓர் அம்மா வந்தார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே முன்னறைச் சுவரில் நீ ஒட்டிய டைல்ஸ், நான் வீடு வாங்குவதற்கு முன்பே நாலடி உயரத்துக்கு நீ ஒட்டிவைத்த டைல்ஸ், வந்தவர் போனவரிடமெல்லாம் "என் தம்பி கைவேலை" என்று நான் காட்டிய டைல்ஸ், பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. பின்னால் நீலப் பெயின்ட்டில் ஒரு கோடு. அதன்மேல் "தண்ணீர் நின்ற உயரம்" என்று எழுதி, பக்கத்தில் வெள்ளம் வந்த இரண்டு வருடங்களும் இருந்தன. என் மார்பளவுடா!

அந்த அம்மா போட்டோ எடுத்தார். பிறகு என் பழைய விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பதினொன்றாம் கேள்வி: இந்த வீட்டில் இதற்கு முன் வெள்ளம் புகுந்திருக்கிறதா? எதிரே என் கையெழுத்தில், "இல்லை."

பொய் சொல்லி வாங்கிய காப்பீடு செல்லாதாம். அன்றைக்கு நீ என் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தாய். உன்னைக் கேட்டுத்தான் எழுதினேன். "இல்லைன்னு போடுக்கா, இங்க எங்க வெள்ளம் வரப்போகுது" என்றாய்.

அந்தக் கோடு உனக்குத் தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் பதில் எழுது.

உன் அக்கா

---

நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நடக்காதே, ஸ்விட்சைத் தொடாதே. மருமகளைக் கேட்டதாகச் சொல். புத்தகம் எது எது வேண்டும் என்று எழுதி அனுப்பச் சொல், மாமன் வாங்கித் தருகிறேன்.

பழைய வீட்டுச் சுவரில் ஆயிரம் கோடு இருக்கும் அக்கா. பெயின்டர் பட்டை அடிக்க இழுத்திருப்பான், எவனோ கிறுக்கியிருப்பான். ஒரு நாளைக்கு மூன்று சுவர் ஒட்டிய காலம் அது. எந்தச் சுவரில் என்ன இருந்தது என்று நான் கனவா கண்டேன்? காப்பீட்டுக்காரர்களுக்குக் கொடுக்காமல் இருக்க ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

நகராட்சியின் வெள்ள வரைபடத்தில் நம் தெரு பச்சை நிறம். ஆற்றங்கரையையும் உயர்த்தியாகிவிட்டது. இப்போது வந்தது வெள்ளமே இல்லை, சாக்கடை அடைப்பு. நீ தேவையில்லாமல் பயந்து சாகிறாய்.

ஒரு யோசனை. சுவர் காய்ந்ததும் ஆள் அனுப்புகிறேன். புது டைல்ஸ், இந்தத் தடவை ஐந்தடிக்கே போட்டுவிடலாம். நல்ல பார்ட்டியாகப் பார்த்து வீட்டைக் கைமாற்றிவிட்டு என் பக்கத்தில் வந்துவிடு.

என்றும் உன் ரசமட்டம்

---

நவம்பர் 12

தம்பிக்கு,

எனக்கு ஐஸ் வைக்காதே. வயிறு எரிகிறது.

ரசமட்டம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். வேலை பழகிய புதிதில் மட்டம் பார்க்கிற அந்தக் கருவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவாய். சாப்பிட உட்கார்ந்தால் மேசைமேல் வைத்துப் பார்த்து "சாயுது" என்பாய். அப்படி வந்த பெயர். நேற்று சுவர் காய்ந்தது. நீலக் கோட்டை ஒட்டிப் பென்சில் எழுத்து தெரிந்தது: "மட்டம் இதுவே. மேலே 2 இஞ்ச்." உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த "ம" யாருடையது என்று எனக்கா தெரியாது?

நின்ற தண்ணீர் போட்ட கோடு அல்லவா, நூல் பிசகாமல் மட்டமாகத்தான் இருக்கும். கருவியை எடுக்கச் சோம்பல்பட்டு அதையே மட்டமாக வைத்து ஒட்டியிருக்கிறாய். பெயின்ட் சுவரைக் கொத்திவிடாமல் டைல்ஸ் ஒட்டக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துவாயே, இங்கே ஓர் இடத்தில்கூட உளி படவில்லை. கொத்தியிருந்தால் கோடும் போயிருக்கும், டைல்ஸும் நின்றிருக்கும். உன் அவசரமே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பச்சை நிறமாம்! அந்த அம்மாவிடம் நானும் அதைத்தான் சொன்னேன். "அது ஆறு கரை தாண்டறதுக்குப் போட்ட படம்மா. ஆறு நிரம்பினா சாக்கடைத் தண்ணி போக வழியில்லாம திரும்பித் தெருவுக்குள்ள வரும். அது அதுல இல்ல. அதுவுமில்லாம பச்சைன்னா வாய்ப்பு குறைவு. குறைவு வேற, இல்லைங்கறது வேற" என்றார். நாலு வருடமாக அந்தப் பச்சையை நம்பி, மிஷினைத் தரையிலேயே வைத்திருந்தேன். என் புத்தியையும் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐந்தடிக்கு டைல்ஸ் போட்டு இன்னொருத்தி தலையில் கட்டச் சொல்கிறாயே, உனக்குக் கூசவில்லையா?

28ஆம் தேதிக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் எடுபடாது. மறைத்தவன் சொன்னால் எடுபடும். எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா

---

நவம்பர் 17

அக்கா,

ஆமாம். தெரியும்.

வீட்டை விற்ற முதலாளிதான் மூடச் சொன்னார். நான் தனியாக எடுத்த முதல் வேலை அது. மாட்டேன் என்றால் அடுத்த நாளே வேறு ஆள் வந்து ஒட்டியிருப்பான்.

உன்னை ஏன் அந்த வீட்டை வாங்க வைத்தேன் என்று கேட்பாய். ஐந்து வருடத்தில் நாலு வாடகை வீடு மாறினாய். கடைசி வீட்டுக்காரன் உன் மிஷினைத் தெருவில் தூக்கி வைத்தபோது வண்டி கொண்டுவந்தது நான். மழையில் அதன்மேல் உன் புடவையைப் போட்டு மூடிக்கொண்டு நின்றாய். எப்படியாவது உனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று பட்டது. அந்த விலைக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை. கரையை உயர்த்தியபின் தண்ணீர் வராது என்று நான் நம்பினேன் அக்கா. சத்தியமாக நம்பினேன்.

நீ கேட்ட கடிதம் இதோடு இருக்கிறது. அதே முதலாளி இப்போது அறுபது வீட்டு அடுக்குமாடி வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார். என்னை நம்பி ஏழு பேர் இருக்கிறார்கள். அதற்கும் பங்கம் வராமல், உனக்கும் பயன்படுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். அப்படியே கொடுத்துவிடு. வரிக்கு வரி ஆராயாதே.

உன் தம்பி

---

நவம்பர் 21

தம்பி,

வரிக்கு வரிதான் படித்தேன்.

"மேற்படி முதல் எண் வீட்டில் மட்டும், என் சொந்த முடிவின்பேரில், கோட்டின்மேல் டைல்ஸ் ஒட்டினேன். இது என் அக்காவுக்குத் தெரியாது. அருகிலுள்ள வேறு எந்த வீட்டிலும் இத்தகைய அடையாளம் இருந்ததில்லை."

இருந்ததில்லையா?

இங்கே வரிசையாக நாலு வீடு. ஒரே முதலாளி விற்றது, ஒரே ஆள் டைல்ஸ் ஒட்டியது. என் வீட்டில் நாலடி. டீச்சர் வீட்டில் மூன்றரை. கண்டக்டர் வீட்டில் மூன்று. கடைசியாக நர்ஸ் வீட்டில் இரண்டரை. ஏன் வீட்டுக்கு வீடு ஒரு உயரம் என்று நாங்கள் கேட்டதற்கு "அது ஒரு டிசைன்" என்றாய். சிரித்துக்கொண்டோம். நேற்று என் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வாசற்படிகளை அளந்தேன். தெரு மேடேறுகிறது. வீட்டுக்கு வீடு தரை அரையடி உயர்கிறது. நாலு வீட்டிலும் உன் டைல்ஸ் ஒரே மட்டத்தில் முடிகிறது. நீ ஒட்டியது டைல்ஸ் இல்லை, வெள்ளத்தின் உயரம்.

இந்தத் தடவை அவர்கள் வீட்டு வாசலோடு தண்ணீர் நின்றுவிட்டது. "நம்ம வீட்டுக்கு எப்பவும் வராது" என்று டீச்சர் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். கண்டக்டர் வீட்டில் அவன் அப்பா பக்கவாதத்தில் தரையோடு பாயில் கிடக்கிறார். அடுத்த மழை பலமாக இருந்தால் அவர் தலைக்குமேல் மூன்றடி. யாரிடமும் வெள்ளக் காப்பீடு இல்லை. இன்றைக்கு எடுத்தாலும் முப்பது நாள் கழித்துத்தான் அமலுக்கு வருமாம்.

ஒரு தடவை தெரியாமல் பொய்யில் கையெழுத்துப் போட்டேன். இப்போது தெரிந்தே ஒரு பொய்யைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறாய். முடியாது. உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நாலு வீட்டையும் எழுது, முதலாளியையும் எழுது. 28 வெள்ளிக்கிழமை.

அக்கா

---

நவம்பர் 24

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நான் உடைத்த கண்ணாடியை நான் சொல்லுமுன் நீ போய் அப்பாவிடம் சொல்வாய். உனக்கு வேண்டியதைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டியதுதானே? ஊரார் சுவரில் உனக்கு என்ன வேலை? ஏழு பேர் வீட்டில் அடுப்பு அணைந்தால் நீ வந்து பற்ற வைப்பாயா?

இதற்குமேல் ஒரு எழுத்து எழுத மாட்டேன். என் பெயரை எங்கேயாவது இழுத்தால் உனக்குத் தம்பி இல்லை என்று நினைத்துக்கொள்.

---

நவம்பர் 29

வணக்கம்.

புதன்கிழமை சுத்தியலை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். முதலில் பைத்தியமா என்பதுபோல் பார்த்தாள். என் வீட்டுக்கு அழைத்துவந்து காட்டினேன். திரும்பிப் போய் அவளே இரண்டு டைல்ஸைப் பெயர்த்தாள். நீலக் கோடு இருந்தது. பக்கத்தில் உன் பென்சில் எழுத்தும் இருந்தது. கண்டக்டர் என்னைக் கண்டபடி திட்டினான். "வீட்டை விக்கலாம்னு இருந்தேன், வாயில மண்ணைப் போட்டுட்டியே!" என்று கதவைச் சாத்தினான். சாயங்காலம் அவன் மனைவி பின்பக்கமாக வந்தாள். "அக்கா, அந்தப் பதினொன்னாம் கேள்விக்கு என்னன்னு எழுதறது?" என்று கேட்டாள். ஆமாம் என்று எழுதச் சொன்னேன். மறுநாள் அவளே ஒரு டைல்ஸைப் பெயர்த்து, கோட்டைப் போட்டோ எடுத்துக் கொடுத்தாள். நேற்று அவன் அப்பாவுக்குக் கட்டில் வாங்கி வந்து, நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். நர்ஸ் தன் வீட்டுச் சுவரைத் தானே கொத்திப் பார்த்தாள்; அங்கேயும் அதே கோடு.

வெள்ளிக்கிழமை என் மேல்முறையீட்டைக் கொடுத்தேன். நாலு சுவரின் போட்டோ, முதலாளி பெயர், உன் பெயர், நீ எழுதிய கடிதங்கள், எல்லாம் அதில் இருக்கிறது. ஏற்பார்களா என்று தெரியாது. சேதம் பார்க்க வந்த அம்மா, "சொந்தத் தம்பியா?" என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். ரசீது எழுதிக் கொடுத்தார்.

அந்த ஏழு பேரைப் பற்றி எழுதியிருந்தாய். அவர்களில் யாராவது வீடு வாங்குவதாக இருந்தால், முதலில் டைல்ஸைத் தட்டிப் பார்க்கச் சொல்.

எனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று நீ நினைத்தது உண்மை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஆறவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

முன்னறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். ஒரு முழம் மட்டும் விட்டுவிட்டேன். அதில் பழைய கோடு இருக்கிறது. கீழே இந்த வருடக் கோட்டை நானே போட்டேன். உன் பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்து, இது யார் எழுதியது என்று கேட்கிறார்கள்.

டைல்ஸ் ஒட்ட வந்த ஆள் என்று சொல்கிறேன்.

முதல் எண் வீட்டுக்காரி