கள்ளுக்கடை வாங்கிக் கொடுத்த மணி

மச்சான்,

உனக்குப் படைக்க வறுத்த கருவாட்டில் பாதியை வழியிலேயே தின்றுவிட்டேன். வாசனை அப்படி. நீ உயிரோடு இருந்திருந்தாலும் பாதிதான் கிடைத்திருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

இன்றைக்கு நீ போய் ஒரு வருஷம். உன் குழிமேட்டுக்கு உன் தகரக் குவளையையும் எடுத்து வந்தேன். சாம்பல் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அதில் கள்ளு வாடை போகவில்லை. அந்த வாடை உன்னை இழுத்து வந்து என் எதிரில் உட்கார வைத்துவிட்டது.

ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகைக்கும் நம் வீடுகள் இருக்கிற லயத்துக்கும் நடுவில் கள்ளுக்கடை. கொட்டகை, கடை, லயம் மூன்றுமே கம்பெனியுடையவை. வாளியை இறக்கிவைத்தவன் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வயிறு வீங்க ஆரம்பித்ததும் நீ குவளையை என் கையில் திணித்து, "கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காத மச்சான்" என்றாய். அன்றிலிருந்து ரப்பர் மரங்களுக்குள் புகுந்து, சாக்கடையைத் தாண்டிக் குதித்து வீட்டுக்குப் போனாய்.

"பொண்டாட்டிக்குப் பயந்து ஓடுறான் பாரு!" என்று கத்தினேன்.

"அவ தாலிக்காக ஓடுறேன், போடா!" என்றாய்.

பிறகு கடையையே மூடச் சொல்லலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு தோட்டத்துத் துரையிடம் போனாய். துரை கோபப்படவே இல்லை. அவர் சொன்னதைக் கணக்கு எழுதும் கிராணி தமிழில் சொன்னார்: "யார் வாயிலயும் நாங்க ஊத்தலையே? கடை லாபத்துலதான் உங்க கோயிலுக்கு ஈப்போவிலேர்ந்து மணி வருது. கடைய மூடினா மணி இல்ல, திருவிழாவும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க லயமே கூடியது. "ஆத்தா மணிய நிறுத்தப் பாக்குறான்" என்று உன் பங்காளியே எழுந்து சொன்னார்.

"நாங்க குடிச்சுச் செத்தாத்தான் ஆத்தாளுக்கு மணி அடிக்குமா?" என்று கேட்டாய். கடை அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு என்னைத் தவிர லயத்தில் உன்னோடு பேச ஆளில்லை.

மணி வந்த அன்று நீ கடைக்குப் போனாய். நான் குவளையைத் தரவில்லை. தேங்காய்ச் சிரட்டையில் வாங்கிக் குடித்தாய். "ஆத்தாளுக்கு என் பங்கு லா" என்று சிரித்தாய். என் கேலியைவிட நல்ல கேலி. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நீ போனதும் உன் சவப்பெட்டிக்குக் கம்பெனி பலகை கொடுத்தது. அதுவும் கடை லாபத்தில்தான். விஷம் விற்கிறவனை வையலாம். விற்ற கையாலேயே திருநீறும் கொடுக்கிறவனை என்ன சொல்லி வைவது? மணி அடிக்கும்போதெல்லாம் நானும் கும்பிடத்தான் செய்கிறேன். உன் பெண்டாட்டி மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

இப்போது கடைக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்கள். லயத்துக் கூரை இன்னும் ஒழுகுகிறது. இனிமேல் கடையை மூடுவார்கள் என்ற நினைப்பே எனக்கு இல்லை. குவளையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

அதில் கள்ளு ஊற்றிப் படைக்கச் சொன்னார்கள். நான் காப்பி ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். தேய்த்துத் தேய்த்து அடியில் ஓட்டை விழுந்திருக்கிறது. காப்பி முழுவதும் வேட்டியில் இறங்கிப் பின்பக்கம் வரை நனைத்துவிட்டது. அந்த வேட்டியோடுதான் கடையைத் தாண்டி வந்தேன்.

கடைக்காரர் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "அண்ணே, வயித்தால போவுதா? ஒரு கள்ளு குடிங்க, கட்டிரும்" என்றார்.