வாத்தியார் கை

1943 பிப்ரவரி 7, ஞாயிறு

தங்கை சந்திரமதி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். ஒரு பை அரிசியை அடுப்படியில் வைத்துவிட்டு, "அத்தானுக்குத் தெரிய வேண்டாம் அக்கா, மனசு கஷ்டப்படுவாங்க" என்றாள். அத்தான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே சொன்னாள், கள்ளி.

அவள் புருஷன் மருதமுத்து ஃபிட்டர். பெட்ரோல் இல்லாததால் லாரிக்குப் பின்னால் இரும்புப் பீப்பாய் பொருத்தி, கரி எரித்து ஓட்டுகிறார்கள். அதைப் பொருத்தத் தெரிந்தவர்களை மலாக்காவில் விரல் விட்டு எண்ணிவிடலாம். சென்னை வரை போய் பி.ஏ. படித்த என் வீட்டுக்காரர் ராஜரத்தினம் மாஸ்டர் மாதம் முழுக்கக் கத்தி வாங்குவதை, அவன் ஒரே லாரியில் வாங்கிவிடுகிறான். இவருக்குக் கிடைப்பது ஜப்பான்காரன் அச்சடிக்கும் மதிப்பில்லாத வாழைமர நோட்டு. அவனுக்கு அரிசி.

கல்யாணப் பந்தியில், கிரீஸ் நாறுகிறது என்று அவன் பக்கத்திலிருந்து எழுந்து போனவர் இவர். ஏட்டுச் சுரைக்காய் இப்போது தனியாகக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 10

இன்றும் மரவள்ளிக்கிழங்கு. அதற்கும் கத்தியும் முள்கரண்டியும் எடுத்து வைத்துக்கொண்டார் மனுஷர்.

மார்ச் 4

ஜெயாவுக்குக் கால் வீங்கிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கு யானைக்குட்டி கால். கம்போங் செட்டியிலிருந்து மருத்துவச்சி வந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. மலாயில் சொன்னாள்: கிழங்கை நிறுத்து, சோறு கொடு, வீக்கம் மேலே ஏறினால் நெஞ்சை அடைக்கும்.

சோறு கொடு என்று சொல்ல மருத்துவச்சி எதற்கு?

இவரிடம் கேட்டேன்: "உங்க பி.ஏ.வை அவிச்சுப் போடட்டுமா?" பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போய்விட்டார்.

மார்ச் 14, ஞாயிறு

ஜப்பான்காரன் நடத்தும் லாரிப் பட்டறையில் மருதமுத்துதான் இப்போது மண்டோர், ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. ஃபிட்டர்களுக்கு, வீட்டில் எத்தனை தலையோ அத்தனைக்கும் அரிசி. இவரைச் சேர்த்துவிடச் சொல்லி நான்தான் சந்திரமதியிடம் கெஞ்சினேன். 'அவரே வந்து கேட்கட்டும்' என்று பதில் வந்தது.

போனோம். மருதமுத்து எழுந்திருக்கவில்லை. "வாங்க வாத்தியாரே. மொதல்ல எம்பக்கத்துல உக்காந்து சாப்புடுங்க. வேலையப் பத்தி அப்புறம் பேசுவோம்."

இவர் உட்கார்ந்தார். சுடுசோறு, கருவாடு. மூன்று தடவை சோறு வாங்கினார். தலை நிமிரவே இல்லை. மருதமுத்து சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது சந்திரமதி, "அத்தான் நல்லா சாப்பிட்டாங்க இல்லக்கா? பாவம்" என்றாள். அறைந்திருப்பேன். கையில் அவள் கொடுத்த அரிசி இருந்தது.

மார்ச் 16

மருதமுத்து சொல்லி அனுப்பியிருக்கிறான்: ஜப்பான்காரன் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பானாம். பொம்பளைக் கையாக இருந்தால் விரட்டிவிடுவானாம்.

இவர் கை வாத்தியார் கை. சாக்பீஸைத் தவிர எதையும் பிடித்து அறியாதது. செங்கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மார்ச் 19

தேய்க்கிறேன். கொப்புளம் உடைகிறது. கரித்தூளும் எஞ்சின் எண்ணெயும் குழைத்துப் பூசிவிட்டு மறுபடி தேய்க்கிறேன். நேற்று அழுதுவிட்டார். "போதும், விட்டுடு" என்றார். நான் விடவில்லை. ஜெயாவுக்காகத்தான் — ஆனால் அதற்காக மட்டுமா? பந்தியிலிருந்து எழுந்த திமிர், முள்கரண்டி, 'உனக்கென்ன தெரியும்' என்று பத்து வருஷமாக என்னிடம் சொன்னது — எல்லாவற்றையும் சேர்த்துத் தேய்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரல் 2

தேறிவிட்டார்! கையைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினானாம். குனிந்து கும்பிடச் சற்றுத் தாமதமானதற்கு ஓர் அறை, அவ்வளவுதான். அரிசி வந்தது.

ஏப்ரல் 25

ஜெயா கால் வடிகிறது. கிணற்றடி வரை நடந்தாள்.

பட்டறையில் இவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதையும் மாற்றி எடுத்துக் கொடுக்கிறாராம். மருதமுத்து எல்லார் முன்னாலும் 'பி.ஏ.' என்று கூப்பிட, மற்றவர்கள் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

இவரோடு பள்ளியில் இருந்த தேவதாஸ் மாஸ்டர் எதிர்வீடு. வேலியோரம் வந்து, "எப்படிம்மா உள்ள நுழைஞ்சாரு? எனக்கும் கொஞ்சம் சொல்லக் கூடாதா?" என்றார். தெரியாது என்றேன். அரிசிக்குப் பங்காளி எதற்கு?

மே 30, ஞாயிறு

சயாமுக்கு ஃபிட்டர் வேண்டுமாம், ரயில் பாதை வேலைக்கு. மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவார்களாம். யார் யார் என்று மருதமுத்துவைச் சொல்லச் சொன்னார்கள். அவன் சொன்னதில் முதல் பெயர் இவருடையது.

ஓடினேன். வாசலிலேயே நிறுத்தினான்.

"வேலை தெரிஞ்சவனை அனுப்பினா இங்க லாரி நின்னுடும் அண்ணி. அப்புறம் என் தலைதான் போகும். தெரியாதவனைத்தானே அனுப்ப முடியும்?"

"அவர் ஃபிட்டரே இல்ல, வாத்தியார்னு சொல்லிடுங்க."

"சொல்லுங்க. பொய் சொல்லிச் சேந்தவனை என்ன பண்ணுவான்னு தெரியுமில்ல?"

ஃபிட்டர் என்பதால் கேட்கிறார்கள். ஃபிட்டர் இல்லை என்பதால் அனுப்புகிறார்கள். ஐயோ, இதில் எந்தப் பக்கம் போய் நான் முட்டிக்கொள்வது?

ஜூன் 3

தம்பின் ஸ்டேஷனுக்கு இவரை லாரியில் ஏற்றினார்கள். ஜெயாவைத் தூக்கிக்கொண்டு போனேன். மருதமுத்துவிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அரிசி வீட்டுக்கு வந்துடுமில்ல?"

வரும் என்றான்.

ஜூலை 11

வரவில்லை. ஆள் இல்லாத பெயருக்கு அரிசி கிடையாதாம்.

ஆகஸ்ட் 22

சந்திரமதி வருவதே இல்லை. போய்க் கேட்டதற்கு ஒரு குவளை தந்தாள், அதையும் புருஷனுக்குத் தெரியாமல். ஜெயா கால் மறுபடி வீங்குகிறது.

செப்டம்பர் 5

சயாமிலிருந்து ஒருவன் தப்பி வந்திருக்கிறான். பெண்டஹாரா ரோட்டில் ஜவுளிக்கடைப் பின்கட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். எலும்பும் தோலும். இவர் பெயரைச் சொன்னேன். "வாத்தியாரா? இங்கிலீஷ் பேசுவாரே..." என்றான். அவர்கள் முகாமில் காலராவாம். மழையில் விறகு நனைந்துபோய், சரியாக எரிக்கக்கூட முடியவில்லையாம்.

தாலியைக் கழற்றவில்லை. கண்ணால் பார்த்தேனா என்ன?

செப்டம்பர் 19, ஞாயிறு

மருதமுத்து வந்தான். இந்த வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. இவருடைய நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இன்னும் நாலு பேரைக் கேக்கறான் அண்ணி. எல்லாம் எங்கையால தொழில் கத்துக்கிட்ட பசங்க, அவனுங்கள விட முடியாது. வேற வாத்தியாரு, கணக்கெழுதற கிராணி யாராச்சும் தெரிஞ்சா பட்டறையில சேத்து விடுங்க. ஆளுக்கு ஒரு மூட்டை தர்றேன்."

எழுந்து போடா என்று சொல்லியிருக்க வேண்டும். ஜெயா பாயில் படுத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று மூச்சு வாங்குகிறது அவளுக்கு.

செப்டம்பர் 20

காலையில் அரை மூட்டை வந்து இறங்கியது, மீதி ஆள் சேர்ந்த பிறகாம். ஜெயா இரண்டு தடவை சோறு கேட்டாள்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். தேவதாஸ் மாஸ்டர் மனைவி ருக்மணி என் காலில் விழாத குறை. "உங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர்க்கா, அதான் சயாம் வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டான். இவரையும் அது மாதிரி ஆக்கி விடுங்க" என்றாள்.

தேவதாஸ் மாஸ்டர் கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் கையைவிட மெது. தேய்க்க ஒரு வாரம் கூடுதலாகப் பிடிக்கும்.