கல்லறை முடிந்தும் மன்னர் இருக்கிறார்

ஆட்சியாண்டு 61, வெள்ளக்காலம், மூன்றாம் மாதம், 12
மன்னருக்கான கல்லறையை வெட்டி, வரைந்து முடித்து இருபது வருடம் ஆகிறது. மன்னர் நலமாக இருக்கிறார். மேஸ்திரி நெக்தமின் இன்று பெயர் வாசித்தார். நாற்பது பேர் வேண்டாமாம், இருபது போதுமாம். என் பெயர் இருந்தது. தம்பி இபுயியின் பெயர் இல்லை. அவன் சுவரில் வரையும் கோடு என்னுடையதைவிடச் சுத்தம்.
அடுத்த மன்னர் வந்தால் புதுக் கல்லறை, எல்லோருக்கும் வேலை. இதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எழுதவும் கூடாதுதான்.

மூன்றாம் மாதம், 19
இபுயி ஆற்றங்கரையில் செங்கல் அறுக்கிறான். கொஞ்சம் கோதுமை கொண்டுபோனேன். "நீயே வெச்சுக்கோண்ணே" என்று சிரித்தான்.

ஆட்சியாண்டு 62, விதைப்புக்காலம், முதல் மாதம், 1
மன்னர் முடிசூடிய நாள். அரண்மனையிலிருந்து ஊருக்கே பீர். "மன்னர் நீடூழி வாழ்க" என்று எல்லோரும் கத்தினோம். பக்கத்தில் இபுயி, நல்ல போதை.
"இன்னுமா வாழணும்? எப்பய்யா போய்ச் சேருவாரு?"
ஒருவரும் சிரிக்கவில்லை.

3
யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாளை ஊர்மன்றம். பக்கத்தில் இருந்ததால் நான்தான் சாட்சி. தம்பி மனைவி தகாத் வந்தாள்.
"அத்தான், காதுல விழலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."
பார்க்கலாம் என்றேன். எதைப் பார்க்க?

4
மன்னர் பெயரில் சத்தியம் வாங்கினார்கள். பொய் என்று தெரிந்தால் மூக்கை அறுப்பார்கள்.
"கேட்டேன்" என்றேன்.
இபுயி என் பக்கம் திரும்பவில்லை. மன்றத்தாரிடம், "அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு" என்றான்.
நூறு அடி. பிறகு தெற்கே கல் உடைக்க ஐந்து வருடம்.

5
உண்மையைத்தானே சொன்னேன்? — உண்மைக்காகவா சொன்னே? மூக்குக்குப் பயந்து சொன்னேடா.

11
கல்லறை விதானத்தில் வரைந்திருந்த ஒரு கழுகின் சிறகு உதிர்ந்திருந்தது. சாந்து பூசி வரைந்தேன்.

கோடைக்காலம், இரண்டாம் மாதம், 19
மன்னர் மறைந்தார். தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு ஊரே அழுதது. சாயங்காலம் சிலர் உளி தீட்டினார்கள்.

புதிய மன்னர், ஆட்சியாண்டு 1, கோடைக்காலம், நான்காம் மாதம், 8
பட்டமேற்றதும் தண்டனைக்காரர்களை விடுவித்தார்கள். இபுயி வீடு வந்து சேர்ந்தான். மூன்று முறை அவன் தெருமுனை வரை போய்த் திரும்பினேன்.

ஆட்சியாண்டு 2, வெள்ளக்காலம், இரண்டாம் மாதம், 7
புதுக் கல்லறை, இரண்டாம் அறை. எனக்கு இடச்சுவர், இபுயிக்கு வலச்சுவர். முதுகுக்கு முதுகு நின்று வரைகிறோம். இன்று மத்தியானம் ஒரு குரல்:
"சிவப்பு மை மிச்சம் இருக்குதுங்களா?"
மேஸ்திரியைக் கேட்கிறான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், அறையில் நாங்கள் இருவர்தான்.
கொடுத்தேன்.