பெரிய அகராதி

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா போன பிறகு ஒரு வேளை சமைத்ததையே மூன்று வேளையும் சாப்பிடுகிறீர்களாம். சித்தியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நான்தான் துருவிக் கேட்டேன்.

பண்டைய எகிப்திய மொழிக்கு அகராதி வாங்கப் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கைக்கு அடக்கமானது. மற்றது ஐந்து தடித்த தொகுதிகள், பொருளெல்லாம் ஜெர்மன் மொழியில்.

"ஒரு வருஷப் படிப்புன்னா சின்னது போதும்மா. பெருசு, இதுலயே விழுந்து கிடக்கிறவங்களுக்கு. முதல்ல ஜெர்மன் கத்துக்கணும்."

"செத்துப்போன மொழியைப் படிக்க உயிரோட இருக்கிறது ஒண்ணு வேறயா?"

"அதான் யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க" என்று சிரித்தார்.

ஒரு வருடத்தில் திரும்பிவிடுவதாக உங்களிடம் சொல்லி வந்தவள் நான். சின்னதைத்தான் கையில் வைத்திருந்தேன். கல்வெட்டு ஒன்றில் பிடிபடாத சொல்லை இரண்டிலும் தேடினேன். சின்னதில் ஒரே வரி. பெரியதில் அரைப் பக்கம். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் மூட மனம் வரவில்லை.

பெரியதை வாங்கிவிட்டேன் அப்பா.

உங்கள் பழைய கம்பளிப் போர்வையை அனுப்புங்கள். அடுத்த முறை நான் கூப்பிடும்போது போனை அடுப்படியில் வைத்துவிட்டுச் சமையுங்கள். பேச வேண்டாம், சத்தம் கேட்டால் போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. என் அறையை வாடகைக்குக் கேட்ட ஆசிரியை மறுபடி வந்தால், இல்லை என்று சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்