என் நாற்பதாம் நாளுக்குக் கட்டாயம் வா

லோம், ஏப்ரல் 14

அன்பு மகள் ரலிட்சாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். வழக்கத்துக்குப் போடுகிற நலம் இல்லை இது, நிஜமாகவே மூச்சு விட்டுக்கொண்டு, காபி குடித்துக்கொண்டு எழுதுகிற நலம். நீயும் சிகாகோவில் நலமாகத்தான் இருப்பாய், கோபம் ஒன்றைத் தவிர. அன்றைக்குப் போனில் என் குரலைக் கேட்டதும் ஓவென்று அழுதாய், நான் சிரித்துவிட்டேன் என்று பட்டென்று வைத்தாய், மூன்று நாளாக எடுக்கவே மாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம், இதை உன்னால் பாதியில் வெட்ட முடியாது.

நடந்தது இதுதான். நம் ஊரில் ஓபரெட்டா தொடங்கி நூறு வருஷம் ஆகிறதாம், மே இருபதாம் தேதி விழா. வியன்னாவிலிருந்து அது படகேறி வந்து முதலில் இறங்கியது நம் படித்துறையில்தான் என்று நாடக அரங்கு டைரக்டர் முழங்கிக்கொண்டிருக்கிறார், ஆற்றங்கரையில் இருக்கிற விதின் ஊர்க்காரர்களும் ரூசே ஊர்க்காரர்களும் அதே படகைத்தான் அவரவர் துறையில் கட்டி வைத்திருக்கிறார்கள். என் பாட்டு வாத்தியாரம்மா சொன்ன கதை வேறு. மாலையில் போக்கிடம் இல்லாத நாலு குமாஸ்தாக்கள், குடித்தால் மட்டும் சுருதி சேருகிற ஒரு பட்டாளத்து பேண்டு மாஸ்டர், நாயகியாக ஒரு ரொட்டிக்கடைக்காரி, அவள் சுழன்று ஆடினால் பாவாடையிலிருந்து மாவு பறக்குமாம், முன்வரிசை முழுக்கத் தும்முமாம். இப்படிப் பிறந்த பாட்டு நாடகத்துக்கு இப்போது மேயர் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறார். பழைய நாயகிகளில் மிச்சம் நான் ஒருத்திதான் என்பதால் சுவரொட்டியில் என் படம். அச்சடிக்கக் கொடுத்தது யாரிடம்? கான்ச்சோவிடம். வருஷம் முழுக்க மரண அறிவிப்பைத் தவிர வேறொன்றும் அடிக்காதவன். என் படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டி, மேலே சிலுவை வைத்து, வெனெத்தா இவானோவா என்ற பேருக்குக் கீழே டைரக்டர் எழுதிக் கொடுத்த 'என்றும் நம் நெஞ்சில்' என்ற வரியையும் போட்டு, மரம், பஸ் நிறுத்தம், நம் வீட்டுக் கதவு என்று வழக்கம்போல் ஒட்டிவிட்டான். ஓபரெட்டாவும் நூறு வருஷமும் அடியில் எறும்பு எழுத்தில் கிடந்தன. போய்ச் சண்டை போட்டால், கை பழகிப்போச்சுக்கா, நூறு வருஷம்னு பாத்ததும் நினைவுநாள்னு நெனச்சுட்டேன், ஆனா படம் லட்சணமா வந்திருக்குல்ல, என்கிறான். வந்துதான் இருக்கிறது, பாவி.

மூன்றாம் மாடி ஸ்தோய்க்காவுக்கு இது போதாதா? படமெடுத்து உனக்கு அனுப்பிவிட்டுத்தான் அழவே ஆரம்பித்திருக்கிறாள். அப்புறம் செத்தவர்களுக்குப் படைக்கிற அவித்த கோதுமையும் சர்க்கரையும் ஒரு கிண்ணம், எட்டு கார்னேஷன் பூவுமாக வந்து நின்றாள், கதவைத் திறந்தது நான். ஐயோ, செத்தவளே வந்து கதவத் தொறக்குறாளே என்று அலறினாள். கிண்ணத்தை வாங்கித் தின்று பார்த்தேன், அக்ரூட் போதவில்லை, என் சாவுக்கு இவ்வளவுதானாடி என்று கேட்டேன். இரட்டைப்படைப் பூ செத்தவர்களுக்குத்தானே, எட்டில் ஒன்றைப் பிடுங்கி அவள் தலையில் செருகிவிட்டு மிச்சத்தை ஜாடியில் வைத்தேன்.

இனிமேல் சொல்வதைக் கோபப்படாமல் படி. விழாவில் அந்தக் காலத்தில் மேடையில் பாடிய பூக்காரி பாட்டை நான் பாடுகிறேன். எழுபத்தாறு வயதில் அந்த உச்சி சுரம் எட்டாது, அங்கே இருமிச் சமாளித்துக்கொள்வேன். வா என்று உன்னை மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் லீவு இல்லம்மா என்றாய். செத்துவிட்டேன் என்றதும் ஒரு மணி நேரத்தில் லீவு கிடைத்தது, அடக்கத்துக்கு வரமுடியாது என்று நாற்பதாம் நாள் பூசைக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டதாக ஸ்தோய்க்காவுக்கு எழுதியிருக்கிறாய். குறை சொல்லவில்லை, வலித்தது என்று மட்டும் சொல்கிறேன். உன் முகத்தை நேரில் பார்த்து ஒன்பது வருஷமாகிறது. நாற்பதாம் நாள் என்றைக்கு என்று பார்த்தாயா? மே இருபது. டிக்கெட்டை ரத்து செய்யாதே. ஆபீசில் எதையும் திருத்திச் சொல்லிக்கொண்டிருக்காதே. அடுத்த தடவை கான்ச்சோ அடிக்கிற தாளில் தப்பு எதுவும் இருக்காது ரலிட்சா, அன்றைக்கு நான் பாடவும் மாட்டேன்.

கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, அங்கே காற்று பொல்லாதது. வரும்போது பூ வாங்கி வா, ஒற்றைப்படையில். இரண்டு தடவை எண்ணு.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உன் அம்மா
வெனெத்தா